முதல் மடை நெல்

மலையடிவாரத்தில் பச்சிலைச் சாமி என்று ஒருவர் இருந்தார். ஆயுசு பூராவும் பாதரசத்தைக் கட்டப் பார்த்தவர். கைக்குப் பிடிபடாமல் ஓடுகிற ரசத்தை ஓடவிடாமல் கெட்டி மணியாக இறுக்குவதற்குத்தான் கட்டுவது என்று பேர். அந்த மணி மட்டும் கிடைத்துவிட்டால் தீராத நோயே இல்லை என்பார்கள்.

அவரும் கட்டிய பாடில்லை. சீடனாக வந்து தலை நரைத்துப்போன அழகேசனும் கட்டிய பாடில்லை. செங்கல் பொடி போட்டு அரைப்பார்கள், கழுவுவார்கள், மறுபடி அரைப்பார்கள். கழுவிய தண்ணீரை அழகேசன் வாய்க்காலில் ஊற்றிவிடுவான்.

அறுப்பு முடிந்து ஒரு காலையில் பூவாயி வந்தாள். வாய்க்காலின் முதல் மடையில் வயல் வைத்திருப்பவள். இடுப்பில் பெண் குழந்தை, தலையில் புது அரிசி.

"பிள்ளைக்கு முதல் சோறு சாமி. உங்க கையால ஊட்டணும்."

அழகேசன் அந்த அரிசியையே குழைய வடித்து, இலையில் கொட்டி ஆறவைத்தான்.

"வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டபடி சாமி சோற்றைப் பிசைந்தார்.

"எங்க வர்றது? கை நடுங்குது சாமி, தம்ளர் பிடிக்க முடியல. தாலி கட்டினப்பவும் இப்படித்தான் நடுங்கிச்சு. அப்ப பயம்னு நினைச்சேன். இப்ப என்ன பயம், நான்தான் பழகிப்போயிட்டேனே!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சாமி சிரிக்கவில்லை.

ரசப் புகை பட்டால் கை நடுங்கும் என்பது அழகேசன் இங்கே கற்ற முதல் பாடம். ஆனால் பூவாயியின் புருஷன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லையே.

"என்ன சாப்பிடுறார்?" என்றார் சாமி.

"வேற என்ன, வயல்ல விளைஞ்சதுதான். உங்க தண்ணி பாயுற வயலாச்சே! வெளி அரிசி வீட்டுக்குள்ள வராது. பிரசாதம் மாதிரிதான் திங்கிறோம்."

குழந்தை வாயைத் திறந்தது. உதடு வரைக்கும் போன சாமியின் கை திரும்பிவிட்டது.

"இந்தச் சோறு வேண்டாம் தாயி."

பூவாயியின் முகம் சுண்டிப்போனது. "நாங்க என்ன சாமி குத்தம் பண்ணினோம்?"

"குத்தம் எங்களுது. நாங்க கழுவிவிட்ட ரசம் உன் வயல்ல தேங்கியிருக்கு. நெல்லு அதை வேர் வழியா எடுத்திருக்கு. பிள்ளைக்குக் குடுக்காதே. நீங்களும் தின்னாதீங்க."

"அப்ப இத்தனை வருசமா நாங்க தின்னது? இவ குடிச்ச பாலு?"

சாமி கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்தார். பூவாயி குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு போய்விட்டாள். அது அந்தச் சோற்றுக்காக அழுதது வெகுதூரம் கேட்டது.

"மண்ணுல ஊத்தினா மண்ணோட போயிடும்னு நினைச்சேன் சாமி," என்றான் அழகேசன்.

"ஊத்தச் சொன்னது நான்தானே."

அவள் விட்டுப்போன அரிசியில் சாமி ஒரு கை அள்ளினார்.

"பார்த்தியா, மணிமணியா. நம்ம அடுப்புல கட்டாத ரசம் அவ வயல்ல கட்டியிருக்கு."

அழகேசன் அவர் காலில் விழுந்தான்.

"இதை அவிழ்க்கிற வழியைச் சொல்லுங்க சாமி. மண்ணுலேருந்து, நெல்லுலேருந்து, அந்த மனுசன் உடம்புலேருந்து. எவ்வளவு காலமானாலும் கத்துக்கிறேன்."

சாமி, யாரும் தின்னாத அந்த இலையை மெல்ல மடித்தார்.

"கட்டுறதுக்குத்தான்டா எனக்கு ஒரு குரு இருந்தார்."