ஆமணக்குவிளைக்காரர்கள் கலெக்டருக்கு ஜெபித்த கதை

ஆமணக்குவிளைக்காரர்களுக்கு மூளை உண்டு. செலவழிக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

ஊரில் இருந்தது ஒரே அடிபம்பு. அது படுத்துவிட்டது. பெண்கள் பக்கத்து ஊருக்குக் குடம் தூக்கினார்கள். ஆண்கள் பம்பைச் சுற்றி உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டினார்கள். அதிகம் திட்டியவர் வேதக்கோயிலில் மணியடிக்கிற தீத்து. கேட்டுக் கேட்டு அவர் மனைவி ராகேலுக்குச் சலித்துப்போனது.

"தண்ணி வந்த பிறகு வாரும். அதுவரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்கப்படாது" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

தீத்து கோயில் வராந்தாவில் படுத்தார். கொசு பிடுங்கியது. தண்ணீர் அவருக்கு அவசரமாகிவிட்டது.

சனிக்கிழமை கலெக்டர் அந்த வழியாக வருகிறார், கோயிலில் இறங்கி மனு வாங்குவார் என்று தகவல் வந்தது. போதகருக்கோ அன்றைக்கு வெளியூரில் கூட்டம். பஸ் படியில் நின்றபடி சொன்னார்:

"திட்டினது போதும். ஆளுறவங்களுக்காக ஜெபிக்கிறது நம்ம கடமை. முதல்ல ஜெபம், பிறகுதான் மனு. அதிகாரத்துல இருக்கிற ஒருத்தரையும் விட்டுடாதீங்க. ஆமென் சொல்றதுக்கு முன்னால யாரும் கண்ணைத் திறந்து வேடிக்கை பார்க்கக்கூடாது."

பஸ் போய்விட்டது. தன் சபை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் போனார்.

யார் யாருக்கு அதிகாரம் என்று கூட்டம் போட்டார்கள். பெரிய குரல்காரர் மாசிலாமணி. ஜெபம் அவர் பொறுப்பு.

"பிரதமர், முதலமைச்சர், கவர்னர்... சரி. பஸ் கண்டக்டருக்கு அதிகாரம் உண்டாவே?"

"இறங்குன்னா இறங்குறோம்லா?" என்றார் தச்சர் எப்பிராயீம்.

"அப்போ சேர்த்துக்கிடுவோம். லைன்மேன்?"

"அவரு கைய வச்சா ஊரே இருட்டு. அதைவிட என்ன அதிகாரம் வேணும்?"

தீத்து மெதுவாகக் கேட்டார். "அண்ணாச்சி, என் வீட்டுக்காரி?"

"உம்மை வீட்டை விட்டே இறக்கிட்டாளே! கண்டக்டருக்கு மேலல்லா அவ. கவர்னருக்கு அடுத்தாப்பில போடுவோம்."

கலெக்டர் வந்தார். நல்ல மனுஷன். வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். தொலைந்தால் ஊருக்கு அவமானம் என்று தீத்து அதை எடுத்துப்போய்ப் போதகரின் அங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மனு தீத்துவின் சட்டைப்பையில். எல்லோரும் கண்ணை மூட, மாசிலாமணி ஆரம்பித்தார்.

பிரதமர் முடிந்தது. ராகேல் முடிந்தது. தாசில்தாருக்கு வரும்போது கலெக்டரின் போன் அதிர்ந்தது.

"ஐயா, அவசரமாப் போகணும். மனுவைக் குடுங்க. என் ஷூ எங்கே?" என்று தீத்துவின் காதில் கிசுகிசுத்தார்.

தீத்துவுக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் கண்ணைத் திறக்கக்கூடாது. ஜெப நேரத்தில் பேச்சும் தப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒரு கை சட்டைப்பைக்குள் நுழைந்து மனுவை எடுத்தது. அப்புறம் ஜீப் சத்தம். தீத்து அசையவில்லை.

லைன்மேன், கண்டக்டர், எல்லாம் முடிந்து ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், கலெக்டரைக் காணோம்.

"வெறுங்காலோட எங்கவே போனாரு?"

தீத்து அலமாரியைத் திறந்து பார்த்தார். "ஷூ இருக்கு. ஆளுதான் இல்ல."

மாசிலாமணியின் பெரிய குரல் சின்னதாகிவிட்டது. "எலியா தீர்க்கதரிசி உயிரோட பரலோகத்துக்கு மேலே போகும்போது சால்வையை விட்டுட்டுப் போனாரு. இவரு ஷூவை விட்டுட்டுப் போயிட்டாரு. நான்தான் ரொம்ப அழுத்தி ஜெபிச்சிட்டேன்."

"ஜீப் சத்தம் கேட்டுதே?"

"அது டிரைவர். அவனை எடுத்துக்கிடல."

கொஞ்சம் அழுதார்கள். அப்புறம் எப்பிராயீம் யோசித்தார். அவர் யோசித்தாலே ஆபத்து.

"சால்வையை எடுத்த சீஷனுக்குத்தானே எலியாவோட வேலையும் கிடைச்சுது?"

எல்லோரும் தீத்துவைப் பார்த்தார்கள். ஷூ அவர் கையில். போட்டுக்கொண்டார். தொளதொளவென்றிருந்தது. பதவி பெரிசு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். "பம்பைச் சரிபண்ணும்படி உத்தரவிடுகிறேன்" என்றார் தீத்து. யாருக்கும் பண்ணத் தெரியவில்லை.

"புதுக் கலெக்டருக்கு நாம இன்னும் ஜெபிக்கலியே" என்றார் மாசிலாமணி.

"ஜெபிச்சு இவரும் போயிட்டா?"

அது நியாயமான பயம். ஆளுக்கொரு பக்கமாகத் தீத்துவின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மாசிலாமணி இந்தத் தடவை ரொம்ப மெதுவாக ஜெபித்தார்.

போதகர் திரும்பி வந்தபோது கண்டது இதைத்தான்.

"என்ன கூத்து இது! கலெக்டர் எனக்குப் போன் பண்ணினார். மனுவைப் படிச்சிட்டாராம். சாயங்காலம் பம்புக்கு ஆள் வருதாம். முதல்ல அந்த ஷூவை அவருக்கு அனுப்புங்க!"

சபை முழுக்க அண்ணாந்து பார்த்தது. போதகர் வாயைத் திறப்பதற்குள் தீத்து ஷூவைக் கழற்றிக்கொண்டு வெளியே ஓடி, ரெண்டையும் பலங்கொண்ட மட்டும் மேலே எறிந்தார். ஒன்று மாசிலாமணியின் தலையில் விழுந்தது. மற்றது பனை உச்சியில் மட்டைக்குள் செருகிக்கொண்டது. வெயிலில் கண் கூசியதில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

"வாங்கிட்டாரு!" என்று கத்தினார் தீத்து.

சாயங்காலம் ஆள் வந்தான். பம்பில் தண்ணீர் கொட்டியது. ராகேல் முதல் குடத்தைப் பாதியிலேயே நிறுத்தினாள்.

"ஒரு ஷூதானே போய்ச் சேர்ந்திருக்கு? பாதித் தண்ணிதான் நமக்கு."

ஊரே ஒத்துக்கொண்டது. இன்றைக்கும் அங்கே எல்லோரும் அரைக்குடம்தான் பிடிக்கிறார்கள். மீதி ஷூவைத் தீத்து தினமும் எறிகிறார். அது தினமும் திரும்பி வருகிறது.

ராகேல் வாக்கு மாறாதவள். பாதித் தண்ணீருக்குத் தீத்துவைப் பாதி உள்ளே விட்டிருக்கிறாள். தலை வீட்டுக்குள். கால் தெருவில்.