பந்திக்கோட்டை

நெடுங்காலத்திற்கு முன்பு, திருவருளால் மழை பிழையாத குறும்பாறை நாட்டைச் சிங்கராயன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் காலையில் பிறந்த விருப்பம் மாலைக்குள் நிறைவேறியாக வேண்டும் அவனுக்கு.

அவனுடைய பாட்டனார் வயல்களுக்கு நடுவே ஒரு கோட்டை எழுப்பியிருந்தார். போர் ஓய்ந்தபின் அங்கே எஞ்சியவை மதிலும், அகழியும், ஒரு சிவன் கோயிலும், முன்பு குதிரைகள் நின்ற வெற்றிடமும்தான். அந்த வெற்றிடத்தை அமைச்சர் அம்பலத்தாடியார், உலகுடையாள் என்னும் உழவர்குடிப் பெண்ணிடம் பயிரிடக் கொடுத்தார். அவள் அகழியின் வண்டலை வாரி அங்கே பரப்பினாள். சாணுக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றைப் பிடித்து, முடிச்சுக்கு ஒரே நாற்றாக நட்டாள். கொத்துக் கொத்தாக நட்டே பழகிய ஊர், அதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தது.

ஐப்பசியில் மன்னன் கோட்டைக்கு வந்தான். தன் காவலில் உள்ள இடத்தை அமைச்சர் பிறருக்குக் கொடுத்தாரே என்று நெடுநாளாகப் புழுங்கிக்கொண்டிருந்த கோட்டைத் தலைவன் மல்லப்பன், அவனை மதில்மேல் அழைத்துச் சென்று வயலைக் காட்டினான்.

"அரசே, மொட்டைத் தலையில் முளைத்த முடிபோல் இருக்கிறது, பாருங்கள். அடர்த்தி அல்லவா வளம்?"

மன்னனுக்கும் அவ்வாறே தோன்றியது. நாற்றைப் பிடுங்கி நெருக்கி நடவேண்டும், உலகுடையாள் நிலத்தை விட்டு நீங்கவேண்டும், இரண்டும் நாளைக்கே ஆகவேண்டும் என்று ஆணையிட்டான். அவளுக்கு வேறு நிலம் கிடையாது. அவள் அமைச்சரிடம் சென்று, கதிர் வரும்வரையாவது பொறுக்கச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டாள். அமைச்சர், நாளை அன்னாபிஷேகம், பந்தி முடியட்டும் அம்மா என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இறைவனுக்குச் சாற்றிய அன்னம் பந்திக்கு வந்தது. பத்துப்பேர் அமரும் மண்டபத்தில் அமைச்சர் நாற்பது இலைகளைப் போட்டிருந்தார். நடுவில் மன்னன், அவன் வலப்பக்கம் மல்லப்பன். தோளோடு தோள் ஒட்டிக்கொண்டது. மன்னன் எடுத்த முதல் கவளம் மல்லப்பன் கன்னத்தில் அப்பியது. மல்லப்பன் பதறி விலக, அவன் முழங்கை பட்டு அரசனின் பட்டில் ரசம் ஓடியது.

"யார் போட்ட பந்தி இது?" என்றான் மன்னன்.

அமைச்சர் கைகூப்பினார். "அடியேன்தான் அரசே. அடர்த்திதான் வளம் என்று தலைவர் சொன்னாராமே. வளமாகப் போட்டேன். சோற்றில் குறை உண்டா?"

"இல்லை."

"இலையில்?"

"இல்லை ஐயா. சோறு கையில் இருக்கிறது. கையை மடக்கத்தான் இடமில்லை. இப்படி இருந்தால் எவன் உண்பான், எவன் வளர்வான்?"

"அந்தப் பெண்ணின் நாற்றுக்கு வாய் இருந்தால் இதையே சொல்லியிருக்கும். தங்கள் வாயால் சொல்லக் கேட்டது அதன் பேறு."

மன்னன் ரசத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். பாதி வயல் அவள் நட்டபடியே இருக்கட்டும், மறுபாதியை மல்லப்பன் தன் கையாலேயே நெருக்கி நடட்டும், அறுவடை தீர்ப்புச் சொல்லட்டும் என்றான்.

கார்த்திகை மழையில் மல்லப்பனின் பயிர் மெலிந்து உயர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அழுகியது. உலகுடையாளின் ஒற்றை நாற்றோ அடியிலிருந்து பக்கக் கிளைகள் விட்டுத் தூர்கட்டி விரிந்தது. தை மாதம் மன்னனே வயலில் இறங்கி ஒரு தூரைப் பிடித்து எண்ணினான். நாற்பது கதிர்கள் இருந்தன.

"அமைச்சரே, அன்று போட்ட இலைகளும் நாற்பதா?"

"ஆம் அரசே. இவை இடம் கிடைத்து உண்டவை."

கோட்டை நிலம் உலகுடையாளின் வழிவழிக்கும் உரியதாயிற்று. அமைச்சருக்கு மன்னன் தன் கழுத்து மணிமாலையை அணிவித்தான். மல்லப்பனுக்கும் ஒரு பணி கிடைத்தது: நாடெங்கும் நடவுக் காலத்தில் முடிச்சுக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடிப்பது. மறுநுனி உலகுடையாளின் கையில்.

அடுத்த ஆண்டு அன்னாபிஷேகத்தில் அந்த வயலின் நெல்லே இறைவனுக்கு அன்னமாயிற்று. பந்திக்கு இலை போட வந்தவர்களை மல்லப்பன் நிறுத்தினான். இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து மண்டபத்தில் நீட்டிப் பிடித்து, "நான்கு முடிச்சுக்கு ஓர் இலை போடுங்கள்" என்றான்.

அன்று முதல் அது பந்திக்கோட்டை. அங்கே உண்டவர் எவரும் முழங்கை இடித்துக்கொண்டதில்லை.