நானூற்றிருபது பல்

முப்பத்திரண்டு பல்லும் முழுசாக இருக்கிற ஒரு வாய்க்கு என்ன விலை போடலாம்? முன்னொரு காலத்தில் ஒரு ராஜசபையில் அதற்கு விலை போட்டார்கள்: ஓர் அரம். பேரம் பேசியவர் பண்டகசாலைத் தலைவர் ஆபத்சகாயம். வாய் இன்னொருவருடையது என்பதால் தாராளமாகவே பேசினார்.

விஷயம் யானையின் நகத்தில் ஆரம்பித்தது. பட்டத்து யானை மங்களவல்லிக்கு நாலு காலிலும் சேர்த்துப் பதினெட்டு நகம். தேர்த்திருவிழாவுக்கு முன்னால் பதினெட்டையும் அரத்தால் ராவி, எண்ணெய் தடவிப் பளபளக்க வைக்க வேண்டும். யானை நகம் லேசுப்பட்டதா? நாலு நகம் ராவுவதற்குள் ஓர் அரம் மொண்ணையாகிவிடும். புது அரத்துக்குப் பல் வெட்ட வேண்டுமென்றால் அரண்மனைக் கொல்லர் இருளப்ப ஆசாரி உளியும் சுத்தியலுமாக இரண்டு நாள் குந்த வேண்டும். ஒரு பல், ஒரு தட்டு. அடுத்த பல், அடுத்த தட்டு.

ராஜா ஒரு நாள் கொல்லுப்பட்டறைப் பக்கம் போய் இதைப் பார்த்துவிட்டார். சபைக்கு வந்ததும், "முறுக்குப் பிழிகிற வேகத்தில் அரம் வரவேண்டும். அதற்கொரு யந்திரம் வேண்டும். யார் செய்கிறீர்கள்?" என்றார்.

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆபத்சகாயம் விகடகவி வைரவனைப் பார்த்தார். அவன் வாயைத் திறப்பதற்குள் எழுந்து, "அடியேன் செய்கிறேன், மகாராஜா" என்று சொல்லிவிட்டார்.

யந்திரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வைரவனைப் பற்றி நன்றாகத் தெரியும். அவன் இந்தச் சபைக்கு வருவதற்கு முன்னால், ராஜா தினமும் மடிக்கிற முதல் வெற்றிலை ஆபத்சகாயத்தின் கைக்குத்தான் வரும். இப்போது அது அவன் கைக்குப் போகிறது. பதினோரு வருஷமாக அந்தப் பச்சை மடிப்பு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்து, தினமும் ஒரு தடவை பல்லை நறநறவென்று கடிப்பார். கடித்துக் கடித்து இடது கடைவாய்ப்பல் ஆட்டம் கண்டுவிட்டது. வைத்தியர் கேட்டபோது, "பாக்கு கெட்டி" என்று சொல்லி வைத்தார்.

ஆள் வைத்து, அரண்மனைக் கால்வாயின் மேல் யந்திரம் கட்டினார். தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் சுத்தியலைத் தூக்கிப் போடும். சுத்தியல் உளியைத் தட்டும். உளிக்குக் கீழே இரும்புப் பட்டை எள்ளளவு நகர்ந்து அடுத்த தட்டுக்குக் காத்திருக்கும். நாழிகைக்கு ஓர் அரம். ஒவ்வொன்றிலும் இரண்டு முகமும் சேர்த்து நானூற்றிருபது பல். ஒன்றுக்கொன்று நூல் பிசகாத இடைவெளி. நாற்பது வருஷம் மரக்காலில் நெல்லைக் குவித்துத் தலைதட்டி அளந்த மனிதர் அவர். உலகத்தில் நல்லது என்று ஒன்று இருந்தால் அது சமமாகத்தான் இருக்கும் என்பது அவர் தீர்மானம்.

ராஜா அரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாகன் மட்டும் வந்து தலையைச் சொறிந்தான்.

"மகாராஜா, அரம் கத்துதுங்க. யானை காலை இழுத்துக்குது."

"யானைக்கு வயிறு சரியில்லை" என்றார் ஆபத்சகாயம்.

"நகம் ராவினதுக்கு வயிறு என்னங்க பண்ணும்?" என்றான் பாகன்.

ராஜா சிரித்துவிட்டு, "வைரவா, யந்திரத்தை நீ கொஞ்சம் திருத்திக் கொடு" என்றார். கூடவே ஒரு வெற்றிலையையும் நீட்டினார்.

தான் பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுக்காரனிடம் கொடுத்து, மூக்கைச் சரிசெய்து தா என்று சொன்னது போல இருந்தது ஆபத்சகாயத்துக்கு. கடைவாய்ப்பல் சுருக்கென்றது.

நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் எண்ணெய்க் கணக்குப் பார்க்கிற சாக்கில் யந்திரக் கொட்டகைக்குள் நுழைந்தார். வைரவனும் இருளப்ப ஆசாரியும் சாப்பிடப் போயிருந்தார்கள். பட்டையை நகர்த்துகிற சக்கரத்தை அவர்கள் மாற்றியிருந்தார்கள். அவர் குனிந்து பார்த்தார். சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கம் நெருங்கி நெருங்கிப் போய், மறுபக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி விலகி இருந்தன. வெட்டி வைத்திருந்த அரத்திலும் அதே கதை. ஓலை நறுக்கால் அளந்தார். ஓர் இடைவெளியும் பக்கத்து இடைவெளியோடு ஒத்துப்போகவில்லை!

அவருக்கு வந்த சந்தோஷத்தில் எண்ணெய்க் கணக்கைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சபையில் எழுந்து நின்றார். "மகாராஜா, யந்திரத்தைத் திருத்த உத்தரவாயிற்று. கெடுக்க உத்தரவாகவில்லை. விகடகவியின் அரத்தில் இடைவெளி தப்பிய ஒவ்வொரு பல்லுக்கும் அவர் வாயிலிருந்து ஒரு பல்லைப் பிடுங்கத் தாங்கள் ஆக்ஞை செய்ய வேண்டும்."

வைரவன் எழுந்தான். "எனக்குச் சம்மதம், பிரபு. ஆனால் தராசுக்கு இரண்டு தட்டு உண்டே? பண்டகசாலையாரின் அரத்தில் யானை நகத்துக்கு உதவாத ஒவ்வொரு பல்லுக்கும் அவர் ஒரு பல் தரட்டும்."

"தருகிறேன்! ஒன்றென்ன, அத்தனையும் தருகிறேன்!" என்றார் ஆபத்சகாயம்.

ராஜாவுக்குத் திருவிழா வரைக்கும் வேறு வேடிக்கை இல்லை. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

வைரவனின் அரம் வந்தது. ராஜாவே ஓலை நறுக்கை வைத்து அளந்தார். அளக்க அளக்க முகம் சுண்டியது. "என்ன வைரவா, ஒன்றுகூடச் சமமாக இல்லையே! உன் வாய் போதாது போலிருக்கிறதே."

வைத்தியர் குறடோடு வந்தார். ஆபத்சகாயம் நல்ல இடமாகப் பார்த்து, முன்னால் வந்து நின்றுகொண்டார்.

வைரவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். "ஒரே ஒரு விண்ணப்பம். பல்லென்றால் சமமாக இருக்க வேண்டும் என்பது இன்றிலிருந்து ராஜநீதி. நீதிக்கு ஒரு மாதிரி வேண்டாமா? நீதியைக் கொண்டுவந்தவர் வாயையே முதலில் சமமாக்கிவிடுவோம். கோரைப்பல் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் குறைக்கலாம். கடைவாய்ப்பல் பருமனாக இருக்கிறது, முன்பல் அகலத்துக்கு இழைக்கலாம். அரம் அவருடையதே இருக்கிறது. ஆசாரி, வாரும்."

இருளப்ப ஆசாரி அரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தார்.

ஆபத்சகாயம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அலறினார். "என்ன அநியாயம் இது! கோரைப்பல் கிழிக்க, கடைவாய் அரைக்க, முன்பல் கடிக்க! எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் நான் எதைக் கொண்டு சாப்பிடுவது?"



"இன்னொரு தடவை சொல்லும், ஆபத்சகாயம்" என்றார் ராஜா, மெதுவாக.

ஆபத்சகாயம் வாயைப் பொத்திய கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அவர் சொன்னதுதான் என் கட்சியும்" என்றான் வைரவன். "வாதாட எனக்கு வேலை வைக்கவில்லை. இனி மங்களவல்லி சாட்சி சொல்லட்டும்."

எல்லோரும் யானைக்கொட்டாரத்துக்குப் போனார்கள். முதலில் பாகன் ஆபத்சகாயத்தின் அரத்தை எடுத்தான். இரண்டு இழுப்பு ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது இழுப்பில் 'கிரீச்' என்று ஒரு சத்தம், கேட்டவர் காதெல்லாம் கூசியது. அரம் துள்ளியது. நகம் வழுவழுப்பாவதற்குப் பதில், உழுத வயல் மாதிரி வரிவரியாக ஆனது. மங்களவல்லி காலை இழுத்துக்கொண்டு, தும்பிக்கை நிறைய மண்ணை அள்ளி, யாருடைய அரம் என்று தெரிந்தது போல ஆபத்சகாயத்தின் தலையில் போட்டாள்.

பிறகு வைரவனின் அரம். சத்தமே இல்லை. பச்சரிசி மாவு மாதிரி வெள்ளைப் பொடி உதிர்ந்தது. யானை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த காலைத் தானாகவே நீட்டினாள்.

"இது எப்படி?" என்றார் ராஜா.

"ஆசாரியைக் கேளுங்கள், பிரபு. நாலு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதான் நான் செய்த வேலை."

இருளப்ப ஆசாரி கூச்சத்தோடு சொன்னார்: "கையால வெட்டினா இடைவெளி முன்னே பின்னேதான் வரும் சாமி. அதான் நல்லது. சமமா வெட்டின அரம் கத்தும். கத்துற அரத்தைச் சந்தையில யாரும் தொட மாட்டாங்க."

"முன்னால் போன வண்டி போட்ட தடத்திலேயே பின்னால் வருகிற வண்டியும் விழுந்தால் பாதை என்ன ஆகும்?" என்றான் வைரவன். "சமமான பல் அப்படித்தான். ஒரு பல் கீறின பள்ளத்திலேயே அடுத்ததும் விழும். பள்ளம் ஆழமாகும், அரம் துள்ளும். இடைவெளி மாறினால் ஒன்று விட்டதை இன்னொன்று ராவும். ஆசாரியின் கை செய்கிற பிசகை யந்திரத்துக்கும் சொல்லிக்கொடுத்தோம். அவ்வளவுதான்."

ராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யந்திரத்தையும் கால்வாய்க் கரையையும் இருளப்ப ஆசாரிக்கே எழுதிக் கொடுத்தார். வைரவனுக்குப் பட்டும் பொன்னும் தந்தார். பிறகு ஆபத்சகாயத்தின் பக்கம் திரும்பினார்.

"உமது அரத்தில் எத்தனை பல் என்றீர்?"

"நானூற்றிருபது, மகாராஜா."

"வாயில்?"

"முப்பத்திரண்டு."

"மீதியை எங்கே போய்க் கடன் வாங்குவீர்?"

"பிரபு, அவரை விட்டுவிடுங்கள்" என்றான் வைரவன். "பல் இல்லாவிட்டால் என்னைப் பார்த்து அவர் எதைக் கடிப்பார்? எனக்கும் பொழுது போகாது."

ராஜா அதற்கும் சிரித்து, "சரி, மன்னித்தோம்" என்றார். மங்களவல்லிக்கு வைத்திருந்த கரும்புக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, "சாட்சி கொண்டுவந்தவனுக்குச் சாட்சியின் பங்கு" என்று தம் கையாலேயே வைரவனிடம் கொடுத்தார்.

பட்டைக் கொடுத்தபோது ஆபத்சகாயம் பொறுத்தார். பொன்னைக் கொடுத்தபோதும் பொறுத்தார். ராஜா கையால் ஒரு கரும்பு! அது மட்டும் பொறுக்க முடியவில்லை. வைரவன் அதை முழங்காலில் வைத்து முறித்து, மரியாதைக்காக, "ஐயாவுக்குப் பாதி?" என்று நீட்டினான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு மட்டும் முழுசாகப் போய்விடுமே என்று வெடுக்கென்று பிடுங்கி, கணுவிலேயே வாயை வைத்து, பதினோரு வருஷத்துக் கோபத்தையும் சேர்த்து ஒரே கடியாகக் கடித்தார்.

'மடக்' என்று சத்தம் கேட்டது. கரும்பு முறியவில்லை.

வைரவன் குனிந்து, புழுதியில் கிடந்ததை எடுத்துத் துடைத்து, வெற்றிலையில் வைத்து ராஜாவின் முன்னால் நீட்டினான்.

"மகாராஜா, மன்னிப்பை மறுத்து, பண்டகசாலையார் முதல் தவணையைக் கட்டிவிட்டார்."

அந்த அரண்மனை ஏட்டில் அன்றைய வரியைப் பண்டகசாலைத் தலைவரே தம் கைப்பட எழுத வேண்டியிருந்தது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு: பற்று, பல் நானூற்றிருபது. வரவு, பல் ஒன்று. நிலுவை, நானூற்றுப் பத்தொன்பது.