துண்டுக்குள் வராத கை

ராஜாவின் கருவூல அதிகாரி மழவராயர் சந்தையிலிருந்து வெறுங்கையோடு வந்து குருவின் முன்னால் உட்கார்ந்தார்.

குரு ஒரு காலத்தில் பெரிய மாட்டு வியாபாரி. இப்போது ஒரு கோவணம், ஒரு துண்டு. மழவராயருக்குத் துண்டுப் பேரம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கடன் கொடுப்பவரும் கேட்பவரும் துண்டுக்குள் கையை விடுவார்கள். கொடுப்பவர் எத்தனை விரல் பிடிக்கிறாரோ அதுதான் வட்டி. கேட்பவர் திருப்பி அழுத்திவிட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் பேச்சே கிடையாது.

“என்ன மழவராயா, முகம் செத்துக் கிடக்கு?”

“ஏரிக்கரை விரிசல் விட்டிருக்கு சாமி. மழைக்கு முன்னால அடைக்கணும். இல்லாட்டி கீழே இருக்கிற ஊரெல்லாம் தண்ணியில போகும். கருவூலம் காலி. கடன் கேட்டுப் போனேன்.”

“எத்தனை விரல் பிடிச்சான்?”

“முன்னெல்லாம் ரெண்டு விரல். போன வருஷம் நாலு. இன்னைக்கு அஞ்சு விரலையும் நீட்டினேன். ஒருத்தன் துண்டுக்குள்ள கையே விடலை.”

“என்ன சொல்லிக் கேட்டே?”

“என்னய்யா பயம், ராஜாவுக்குக் கோட்டை இருக்கு, படை இருக்குன்னு சொன்னேன்.”

குருவுக்குச் சுர்ரென்று ஏறியது. “கடன் கேக்கிற இடத்துல படை இருக்குன்னு சொன்னியா? தடியோட வந்து கைமாத்து கேக்கிறவனுக்கு நீ கொடுப்பியா? எழுந்திரு!”

ஈசுப் மரைக்காயர் கப்பல் வைத்து வியாபாரம் செய்பவர். அவர் கொடுத்தால் சந்தையே கொடுக்கும். இருவரும் சந்தையில் அவர் கடைக்குப் போனார்கள். மழவராயரைக் கண்டதும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ராஜா மேல என்ன குறை மரைக்காயரே?” என்றார் குரு.

“குறை என்ன சாமி? கெடு வந்தா வட்டி கேக்கிறோம். வட்டிக்குப் பதிலா இன்னொரு கடன் ஓலை வருது. அதையெல்லாம் வைக்க எங்க வீட்டுப் பரணில் இடமில்லை.”

“அதே தொகை எனக்குக் கொடுப்பீரா?”

குரு துண்டை விரித்தார். மரைக்காயரின் கை சட்டென்று உள்ளே போனது. குரு திருப்பி அழுத்தாமல் கையை உருவிக்கொண்டார்.

“சுண்டுவிரல் மட்டும்தான் பிடிச்சார்” என்றார் மழவராயரிடம்.

“அழுத்துங்க சாமி! வாங்கி எங்களுக்குக் கொடுங்க!”

“என் விரலை உன் ராஜாவுக்கு வாடகைக்கு விடணுமா?”

மழவராயருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “கோவணம் கட்டினவருக்கு ஒரு விரல். கோட்டை கட்டினவருக்குக் கையே கிடையாது. இது எந்த ஊர் நியாயம்?”

குரு நிமிர்ந்தார்.

“என் வீடு எங்கே போச்சு, தோட்டம் எங்கே போச்சுன்னு என்னைக்காவது கேட்டியா? கோமாரி வந்து மந்தையே செத்தது. அழுத்தின விரலுக்கு அத்தனையும் வித்துக் கொடுத்தேன். இந்தக் கோவணத்தோட இதே சந்தையில தலை நிமிர்ந்து நடந்தேன்.”

“எங்க வாப்பாவுக்குத்தான் கொடுத்தார்” என்றார் மரைக்காயர். “கெடுவுக்கு முன்னாலேயே. வட்டியோட.”

மழவராயரின் குரல் இறங்கியது.

“ஏரிக்கரை, சாமி? ராஜாகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது?”

தெருக்கோடியில் மணியோசை கேட்டது. தங்க நெற்றிப்பட்டம் மின்ன, பட்டத்து யானை மேல் ராஜா உலா போய்க்கொண்டிருந்தார்.

குரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அந்த யானை இன்னும் அவர்கிட்டதானே இருக்கு?”