கழுதையின் தொண்டை கிழிந்த கதை

கழுதைக்கு இனிமையான குரல் இருந்தது என்றால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போங்கள். மனிதரும் விலங்கும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கழுதை பாடினால் குயில்கூட வாயை மூடிக்கொண்டு கேட்கும். அந்தக் குரலைக் கெடுத்தது நரியும் இல்லை, பேயும் இல்லை. ஓர் ஊர். நன்றாகக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, நாள் தவறாமல் சாமி கும்பிட்ட ஊர்.

அந்த ஊரின் பெயர் தவிட்டேந்தல். பக்கத்தில் ஆறு கிடையாது. வயலுக்கு ஒரு கண்மாய், குடிக்க ஓர் ஊருணி, இரண்டையும் மழைதான் நிரப்ப வேண்டும். கண்மாய் கொள்ளாத தண்ணீர் கலுங்கு என்கிற வடிகால் வாய் வழியாக வெளியே போய்விடும். கண்மாய்க்குத் தண்ணீர் வரும்போது மண்ணும் கூடவே வந்து படியும். அதனால் பங்குனியில் கண்மாய் வற்றியதும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு இறங்கித் தூர் எடுக்க வேண்டும் என்று முன்னோர்கள் வழக்கம் வைத்திருந்தார்கள். வெட்டிய மண்ணைக் கழுதைகள் பொதி பொதியாகச் சுமந்துபோய் வயலில் சேர்க்கும். பாடிக்கொண்டே சுமக்கும். கடைசிப் பொதி கரையேறியதும் கழுதைகளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, மாலை போட்டு, அய்யனார் கோயில் வாசலில் நிறுத்திப் பொங்கல் வைப்பார்கள். உழைத்த உயிருக்கு நன்றி சொல்லும் வழக்கம், அதை யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு ஒரு வருஷம் விளைச்சல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊருக்கு உடம்பு வளையவில்லை. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்கள். அடுத்த வருஷம் ஊர்த்தலைவரான அம்பலகாரர் வீட்டில் ஒரு விசேஷம். அதற்கடுத்த வருஷம் சாக்குச் சொல்லக்கூட யாரும் மெனக்கெடவில்லை. ஆனால் மாலையும் பொங்கலும் ஒரு வருஷமாவது நின்றதா? அதுதான் இல்லை. பொங்கல் தின்ன மண்வெட்டி எதற்கு? இரண்டு தலைமுறை போனதும் மாலை எதற்குப் போட்டோம் என்பதே மறந்துபோயிற்று. மாலை போட்டால் கல்யாணம்தானே என்றான் ஒருவன். கழுதைக்குக் கல்யாணம் பண்ணினால் மழை வரும் என்றான் இன்னொருவன். வியர்வை சிந்துகிற பாதியை விட்டுவிட்டு, வயிறு நிறைகிற பாதியைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பரம்பரை வழக்கம் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஊரில் உப்பு விற்றுப் பிழைத்தவள் காளாயி. அவளிடம் ஒரு பெட்டைக் கழுதை இருந்தது. அதற்கு மூன்று மாதக் குட்டி ஒன்று. அந்த வருஷம் ஆடி வந்தும் மழை இல்லை. ஊருணியின் நடுக்குழியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர்தான் மிச்சம். வீட்டுக்கு ஒரு குடம் என்று முறை வைத்தார்கள். காளாயி தன் குடத்தில் பாதியைக் கழுதைக்கும் குட்டிக்கும் ஊற்றுவாள். அது எந்த மூலைக்குக் காணும்? தாய்க்குப் பால் வற்றிவிட்டது. குட்டி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்தே கிடந்தது.

அம்பலகாரர் சேவுகன் ஊரைக் கூட்டினார். "வழக்கம்போல கழுதைக் கல்யாணம் வச்சுருவோம். பொண்ணு நம்ம காளாயி கழுதை. மாப்பிள்ளைக்கு மேலூர்ப் பக்கம் சொல்லி அனுப்பியாச்சு."

பூசாரி சோணை எழுந்தார். "பொண்ணு மாப்பிள்ளை ரெண்டையும் இருபத்தொரு குடம் தண்ணியில நீராட்டணும். அதுதான் முறை. ஒரு குடம் குறைஞ்சாலும் சாமி ஏத்துக்காது."

ஊருணியில் அதற்குமேல் தேறாது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கழுதைதான் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றது.

"அம்பலகாரய்யா, ஒண்ணு கேக்கலாமா?"

"கல்யாணப் பொண்ணு கூச்சமில்லாமப் பேசுது பாருங்கப்பா" என்றார் சேவுகன். எல்லோரும் சிரித்தார்கள்.

"போன ஐப்பசியில நாலு நாள் மழை பெஞ்சுச்சே, அந்தத் தண்ணி எங்கய்யா?" என்றது கழுதை. "கண்மாய்க்குள்ள ஆளு உயரம் மண்ணு மேடு தட்டிக் கிடக்கு. வந்த தண்ணி நிக்க இடமில்லாம கலுங்கு தாண்டி ஓடிப்போச்சு. எங்க ஆத்தா சொல்லும், அதோட ஆத்தா மண்ணு சுமந்துச்சாம். மண்ணு சுமந்ததுக்குத்தான் மாலை போட்டீங்களாம். மழைக்கு இல்லை. இப்பவும் நான் சுமக்கிறேன், நீங்க வெட்டுங்க. அந்த இருபத்தொரு குடத்துல எம்பிள்ளைக்கு ஒரு குடம் குடுங்க, போதும்."

அதன் குரல் அப்போதும் இனிமையாகத்தான் இருந்தது. அதுதான் தப்பாகிவிட்டதோ என்னவோ. பாட்டு மாதிரி இருந்ததால் பாட்டு மாதிரியே கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.

சேவுகன் மீசையைத் தடவினார். "எங்க பாட்டன் பூட்டன் செஞ்சதை நீ வந்து மாத்தப் போறியா? அவங்க என்ன கூறு கெட்டவங்களா?"

"அவங்க கூறோடதான் செஞ்சாங்க" என்றாள் காளாயி. "அவங்க கையில மண்வெட்டி இருந்துச்சு. உங்க கையில மாலைதான் இருக்கு. ஏங்கய்யா, குட்டி செத்துரும்யா. ஒரே ஒரு குடம்."

"சாமி காரியத்துல பொம்பளை குறுக்கப் பேசாத" என்றார் சோணை. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

வெள்ளிக்கிழமை கொட்டுமேளத்தோடு கல்யாணம் நடந்தது. ஊருணியின் அடித்தண்ணீர் வரை வழித்து இருபத்தொரு குடத்தையும் நிரப்பினார்கள். ஒவ்வொரு குடமாக இரண்டு கழுதைகளின் முதுகிலும் ஊற்றினார்கள். தாய் தலையைச் சாய்த்து, தன் மேல் வழிகிற தண்ணீரை நக்கப் பார்த்தது. ஆகாத காரியம் என்று கயிற்றைச் சுண்டி நிமிர்த்திப் பிடித்தார்கள். குட்டி தள்ளாடித் தள்ளாடி வந்து, தரையில் தேங்கிய மஞ்சள் சேற்றில் வாயை வைத்தது. அதையும் விரட்டினார்கள். கல்யாணம் நடக்கிற இடத்தில் அசிங்கமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டி செத்துப்போயிற்று. காளாயி தன் கையாலேயே குழி வெட்டினாள். ஊரில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பந்தலைப் பிரிக்கிற வேலை இருந்ததாம்.

ஒரு வாரம் ஊருணிச் சேற்றைத் தோண்டி, ஊறியதைக் குடித்தார்கள். அடுத்த சனிக்கிழமை மழை வந்தது.

வந்த மழை சும்மா வரவில்லை, வானத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஊரே தெருவில் இறங்கி ஆடியது. "பாத்தீங்களா, வழக்கம் பொய்க்குமா?" என்று சேவுகன் நெஞ்சை நிமிர்த்தினார். அந்த நேரத்தில் தாய்க் கழுதை மட்டும் கண்மாய்க் கரைமேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் திமுதிமுவென்று கண்மாய்க்குள் வந்தது. மண்மேட்டில் மோதியது. கணுக்காலளவு நின்றது. பிறகு வந்ததெல்லாம் கலுங்கு வழியாகக் கடலைப் பார்க்கப் போய்க்கொண்டே இருந்தது.

கழுதை கத்தத் தொடங்கியது. "மண்வெட்டியை எடுங்கடா, தண்ணி போகுதுடா" என்று கத்தியது. அதன் வாழ்நாளில் யாரையும் அது அப்படி மரியாதை இல்லாமல் பேசியதில்லை. கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கத்தியது. மூச்சை இழுக்கும்போதும் கத்தியது, விடும்போதும் கத்தியது. காளாயி ஓடிவந்து, வெறும் கையால் கலுங்கில் கல்லும் மண்ணும் அள்ளிப் போட்டுப் பார்த்தாள். ஒருத்தியால் என்ன ஆகும்? பெருகி வந்த தண்ணீர் அவள் போட்டதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயிற்று. உச்சிப்பொழுதில் மழை விட்டது. சாயங்காலம் கண்மாயில் அந்தக் கணுக்காலளவுக்குமேல் ஒரு சொட்டு இல்லை. கழுதையின் தொண்டை கிழிந்து ரத்தம் வந்தது. தொண்டைக்குள் இருந்த சொற்கள் எல்லாம் ரத்தத்தோடு போய்விட்டன. பாட்டும் போய்விட்டது.

அந்த மழையில் நிரம்பிய ஊருணியும் நாற்பது நாளில் திரும்ப வற்றியது. தவிட்டேந்தல் என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? புது மாலை கட்டிக்கொண்டு காளாயி வீட்டு வாசலில் வந்து நின்றது. போன தடவை பலித்ததாம்.

கழுதை அவர்களைப் பார்த்தது. மாலையைப் பார்த்தது. நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, குட்டியைப் பற்றி, மண்ணைப் பற்றி, ஓடிப்போன தண்ணீரைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. காது கிழிகிற ஓர் அலறல் வந்தது. இழுத்து இழுத்து அலறி, கடைசியில் மூச்சு முட்டி விக்கி விக்கி நின்றது.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சோணை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

"நல்ல சகுனம்ப்பா" என்றார்.

அன்றிலிருந்து கழுதை இனத்துக்கே அந்தக் குரல்தான். அது நம்மை வைவதைக் கேட்டு இன்றைக்கும் நாம் நல்ல சகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுகிறோம். கண்மாயில் ஒரு கூடை மண் இன்னும் எடுத்தபாடில்லை.