நாலாவது வளைவில் வழிவிட்டவர்

ஞாயிற்றுக்கிழமை காலை. கடைசி ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

குகன் வாத்தியாரிடம் வந்தான். வாத்தியார் என்றால் வெள்ளிங்கிரி. கோயம்புத்தூர்க்காரர். கார் பந்தயத்தில் மூன்று முறை தேசியப் பட்டம் வாங்கியவர். அது பழைய கதை. இப்போது குகனுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார். அதாவது, திட்டுகிறார்.

அவர் தரையில் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கணுங்க."

"கேளு."

"தேவசகாயம் அண்ணன் இன்னிக்கும் வழி விடுவாருங்களா?"

வாத்தியார் துணியைக் கீழே போட்டார்.

விஷயம் இதுதான். இந்த வருடப் பட்டம் குகனுக்கா, தேவசகாயத்துக்கா என்பது இன்று முடிவாகும். இருவருக்கும் சமப் புள்ளி. யார் முன்னால் வந்து முடிக்கிறாரோ அவருக்கு. அந்தச் சமமே நேற்று வந்ததுதான்.

நேற்றைய ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் தேவசகாயம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நாலாவது வளைவு வந்தது. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் குகன் பிடிக்கவில்லை. உள்பக்கமாகப் புகுந்தான். தேவசகாயம் எப்போதும்போலத் திரும்பியிருந்தால் இரண்டு காரும் சுவரில். அவர் திரும்பவில்லை. நேராக வெளியே போய், பாதை ஓரத்தில் கொட்டி வைத்திருந்த ஜல்லியில் இறங்கினார். குகன் ஜெயித்தான்.

நடுவர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். கார்கள் உரசவில்லை. தேவசகாயம் புகாரும் சொல்லவில்லை. "பந்தயம்னா முன்னப்பின்ன இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

"அதை என்னை எதுக்குக் கேக்கறே?" என்றார் வாத்தியார். "அவனையே போய்க் கேளு."

குகன் சிரித்தான். வாத்தியார் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"பக்கத்து ஷெட்டு. இருபது அடி."

போனான்.

தேவசகாயம் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர். நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருடமாக ஓட்டுகிறார். நாலு முறை இரண்டாவது இடம். பட்டம் ஒரு முறையும் இல்லை.

"வா தம்பி. சாப்பிடுதியா?"

"இல்லீங்கண்ணா. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு."

"கேளு."

"இன்னிக்கு நாலாவது வளைவுல... நான் உள்ள வந்தா விடுவீங்களா?"

காருக்கு அடியிலிருந்து அவருடைய மெக்கானிக்கின் குரல் வந்தது. "எழுதிக் குடுத்துருவோம் அண்ணாச்சி. ஸ்டாம்ப் ஒட்டி."

தேவசகாயம் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார்.

"நேத்து உள்ள வரும்போது என்னையக் கேட்டுக்கிட்டா வந்த?"

"இல்லீங்க."

"பெறவு இன்னைக்கு மட்டும் என்ன கேள்வி?"

அவர் அடுத்த இட்லிக்குப் போய்விட்டார். குகன் வாத்தியாரிடம் திரும்பி வந்தான்.

"சொல்ல மாட்டேங்கறாருங்க."

"நட" என்றார் வாத்தியார்.

நாலாவது வளைவு வரைக்கும் நடந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. வாத்தியார் வளைவில் நின்று கீழே காட்டினார். தார்மேல் இரண்டு கறுப்புக் கோடுகள். நீளமானவை. அப்படியே போய் ஜல்லியில் விழுந்திருந்தன.

"யாரோட டயரு?"

"அவரோடதுங்க."

"உன்னோடது எங்கே?"

குகன் தேடினான்.

"எனக்குச் சறுக்கலீங்க. நான் சுத்தமாப் போயிட்டேன்."

"சுத்தமா."

"ஆமாங்க."

"பிரேக்கு புடிச்சது யாரு?"

"அவரு."

"ரெண்டு காருக்கும் சேர்த்தா?"

குகன் காலால் அந்தக் கோட்டைத் தேய்த்தான். அது போகவில்லை.

"அவரு பயந்துட்டாருங்க" என்றான்.

வாத்தியார் ஓரத்து டயர் அடுக்கில் சாய்ந்து நின்றார்.

"வரதராஜுன்னு ஒருத்தன் இருந்தான். மில்லுக்காரன். என்கூட ஏழு வருஷம் ஓட்டினான். ஏழு வருஷமும் இந்த இடத்துல நான் உள்ள புகுந்தேன். ஏழு வருஷமும் அவன் விட்டான். எனக்கு மூணு பட்டம். பேப்பர்ல அஞ்சா நெஞ்சன்னு போட்டான்."

"கேள்விப்பட்டிருக்கேனுங்க."

"எல்லாரும் கேள்விப்பட்டிருக்கான். ஓட்டம் முடிஞ்சதும் வரதராஜு வருவான். தோள்ல கையைப் போட்டு, 'இன்னிக்கும் உம் பொண்டாட்டி தாலி தப்பிச்சுது வெள்ளிங்கிரி'ம்பான். நானும் சிரிப்பேன். மனசுக்குள்ள, சரியான தொடைநடுங்கின்னு நினைச்சுக்குவேன்."

"அப்புறங்க?"

"எட்டாவது வருஷம் அவன் வரலை. நிறுத்திட்டான். அவன் கார்ல வேறொருத்தன். பேரு எதுக்கு. நான் ஓட்டறதைப் பார்த்துப் பார்த்தே பழகினவன். இதே இடம். நான் உள்ள போனேன். அவன் விடலை. திரும்பிட்டான்."

"மோதிட்டீங்களா?"

"இல்ல."

வாத்தியார் ஜல்லிப் பக்கம் துப்பினார்.

"பிரேக்கை மிதிச்சேன். இன்னொருத்தனுக்காக நான் மிதிச்சது அதான் முதல் தடவை. கார் மூணு சுத்துச் சுத்தி நின்னுது. ஒம்பதாவதா வந்தேன். அதுக்கு மேல ரெண்டு வருஷம் ஓட்டினேன். வளைவுக்கு வளைவு மிதிச்சேன். வேண்டாம்னு நினைச்சாலும் காலு தானாப் போகும்."

குகன் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"நெஞ்சும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல" என்றார் வாத்தியார். "எனக்கு வரதராஜுவைத் தெரியும். விட்டுருவான்னு தெரியும். அவ்வளவுதான்."

தூரத்தில் யாரோ இஞ்சினை உறுமவிட்டு நிறுத்தினார்கள்.

"அப்ப நான் இன்னிக்கு உள்ள போகட்டுங்களா, வேண்டாங்களா?"

"மூணு பட்டத்தை வீட்டுல மாட்டி வெச்சிருக்கேன். உன்னைப் போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் இருக்கா? வா. காரைச் சூடு பண்ணணும்."

ஓட்டம் பதினைந்து சுற்று. பதினான்கு சுற்றும் தேவசகாயமே முன்னால். குகனின் கார் அவர் வாலைப் பிடித்துக்கொண்டே போனது. தாண்ட முடியவில்லை.

கடைசிச் சுற்று. நாலாவது வளைவு.

குகன் பிரேக் பிடிக்கவில்லை. உள்ளே புகுந்தான்.

தேவசகாயத்தின் ஹெல்மெட் லேசாக அவன் பக்கம் திரும்பியது. ஒரு கணம்தான். அப்புறம் அவர் கார் நேராக வெளியே போனது. ஜல்லி சிதறியது.

குகனுக்குப் பட்டம்.

மாலை போட்டார்கள். குளிர்பானத்தைக் குலுக்கித் தலையில் ஊற்றினார்கள். போட்டோ எடுத்தார்கள். எல்லாம் முடிந்து கோப்பையோடு இறங்கியபோது தேவசகாயம் நின்றுகொண்டிருந்தார். புருவம் வரைக்கும் தூசி. கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

"நல்லா இரு தம்பி."

குகன் அந்தக் கையை விடவில்லை.

"ஏனுங்கண்ணா விட்டீங்க?"

"விடாம என்ன செய்ய? ரெண்டு பேரும் சாகவா?"

குகன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அடுத்த வருஷம் பார்க்கலாங்கண்ணா."

"இல்ல தம்பி. நான் வரல. இதோட சரி."

"ஏனுங்க?"

"இனி விட்டுக்கிட்டே இருக்க முடியாது. விடாம இருக்கவும் எனக்கு வரமாட்டேங்கு. பெறவு எதுக்கு?"

கையை உருவிக்கொண்டு போனார். அவருடைய மெக்கானிக் எதிரே வந்தான். குகனைப் பார்த்தான். காலையில் போல வேடிக்கை எதுவும் பேசவில்லை.

வாத்தியார் ஷெட்டில் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். குகன் கோப்பையைப் பெட்டி மூடிமேல் வைத்தான். அவர் அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு ஸ்பேனர்களைப் போட்டார்.

"ஜெயிச்சுட்டேனுங்க."

"பார்த்தேன்."

"தேவசகாயம் அண்ணன் நிறுத்தறாராமா."

"தெரியும்."

"உங்ககிட்டச் சொன்னாருங்களா?"

"ரெண்டாவது தடவையும் ஜல்லியில இறங்கினானே. அதுக்கு மேல வாயைத் திறந்து வேற சொல்லணுமா?"

குகன் நாலாவது வளைவுப் பக்கம் பார்த்தான். ஆட்கள் மண்வெட்டியால் ஜல்லியை இழுத்து மட்டம் செய்துகொண்டிருந்தார்கள். தலையில் ஊற்றிய குளிர்பானம் காய்ந்து கழுத்தெல்லாம் பிசுபிசுத்தது.

"வாத்தியாரே."

"ம்."

"அடுத்த வருஷம் அவரு கார்ல யாருங்க வர்றது?"

வாத்தியார் பெட்டியை மூடிக் கொக்கியைப் போட்டார்.

"உன்னை மாதிரி ஒருத்தன்."