சேறு பிடிக்காத எருமைக்கன்று

அந்த மடத்துக்குக் கேள்வி கேட்க வந்தவர்களைவிடப் புகார் சொல்ல வந்தவர்களே அதிகம். அவர்களில் முதல் ஆள் தெய்வசிகாமணி. அங்கேயே தங்கிவிட்ட சீடர். மடத்தின் தலைவரான சாமி அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் சாமி காலை நீட்டினால் இவர் தலையணை தேடுவார்.

ஊர் நூலகத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வந்திருந்தது. பிள்ளைகளுக்குத் தைரியமும் சொந்தப் புத்தியும் வளர்க்கிற புதுப் படக்கதைப் புத்தகங்கள் பத்தைத் தேர்ந்து எழுதித் தர வேண்டும். சாமி கையெழுத்தோடு வாசலில் ஒட்டுவார்கள். போன வருஷம் இப்படி ஒரு பட்டியலை இன்னொரு சீடர் அருணகிரி எழுதினார். அவர் பெயர் எட்டு மாதம் நூலக வாசலில் இருந்தது. அந்த எட்டு மாதமும் தெய்வசிகாமணி பின்பக்க வழியாகத்தான் நூலகத்துக்குப் போய்வந்தார்.

இந்த முறை வேலை இவருக்கு வந்தது. விடுவாரா? நூலகம் அனுப்பிய ஒரு பெட்டிப் புத்தகங்களையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். பத்தைப் பொறுக்கினார். முதலிடம் ஓர் எருமைக்கன்றுக்கு. மந்தை முழுக்கச் சேற்றில் இறங்குகிறது. கன்று மட்டும் கரையில் நின்று, "எனக்குச் சேறு பிடிக்கவில்லை" என்று தைரியமாகச் சொல்கிறது. கடைசிப் பக்கத்தில் எல்லா எருமைகளும் கைதட்டுகின்றன. அந்த இடத்தில் தெய்வசிகாமணிக்கே கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மடத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அதை உரக்க வாசித்தார். முடித்ததும் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"எங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க. என் மனசுல பட்டதைப் பயப்படாம சொல்வேன்."

இருபது பிள்ளைகளும் ஒரே குரலில் மூன்று தடவை சொன்னார்கள். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். பால்காரர் மகள் தர்ஷிகா மட்டும் உட்காரவில்லை. அவளுக்கு ஆறு வயது.

"தாத்தா, இந்தக் கதை நல்லா இல்ல."

"என்ன?"

"எருமைக்குச் சேறு பிடிக்கும். எங்க வீட்ல அஞ்சு இருக்கு. சேத்துல படுக்கலைன்னா அதுக்கு உடம்பு சரியில்லன்னு அர்த்தம். டாக்டரைக் கூப்பிடணும். கைதட்டக் கூடாது."

பிள்ளைகள் சிரித்தார்கள். தெய்வசிகாமணி புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"பெரியவங்க சொன்னா மறுத்துப் பேசுவியா? போ வெளியே. அடுத்த வாரமும் வராதே."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அழுதுகொண்டாவது போயிருக்கலாம் என்று இவருக்குத் தோன்றியது.

மத்தியானமே பட்டியலோடு சாமியிடம் போனார்.

"கையெழுத்துப் போடணும் சாமி. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. தைரியத்தைப் பத்தி நாம இவ்வளவு நல்லதைச் சொல்றோம். சில பிள்ளைங்க மண்டையில ஏறவே மாட்டேங்குதே. ஏன்?"

நடந்ததைச் சொன்னார். ஐந்து எருமைகளை ஒன்றுகூட விடாமல் சொன்னார்.

"எங்க, அந்தக் கதையை எனக்கு வாசிங்க," என்றார் சாமி.

தெய்வசிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். சாமி கடைசிப் பக்கம் வரை கேட்டார்.

"நல்லா இல்லையே."

"எனக்கும் அதேதான் தோணிச்சு சாமி. அந்தக் கைதட்டல் கொஞ்சம் ஓவர்." பேனாவை எடுத்துப் பட்டியலின் முதல் வரியை அடித்தார்.

சாமி புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "படம் அழகா இருக்கு. மோசமில்லை."

"மோசமா? அருமையான புத்தகம் சாமி." அடித்ததற்கு மேலேயே திரும்ப எழுதினார்.

"ஆனா கதைதான் நல்லா இல்லை."

பேனா பட்டியலுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

"உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார் சாமி.

"சாமிக்கு எப்படியோ, எனக்கும் அப்படித்தான்."

"அந்தப் பிள்ளையும் நல்லா இல்லைன்னுதானே சொல்லிச்சு. அதை வெளியே அனுப்பிட்டீங்க. நான் சொன்னா அடிச்சு எழுதறீங்க."

"சாமியும் அவளும் ஒண்ணா?"

"எப்படி ஒண்ணாகும்? அவ வீட்ல எருமை இருக்கு."

தெய்வசிகாமணி பேனாவை மூடினார். பிறகு, "அடுத்த வாரம் வரச் சொல்லிடறேன்," என்றார். சொல்வதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

"வந்து இன்னொண்ணும் நல்லா இல்லைன்னா?"

"கேட்டுக்கறேன் சாமி. கஷ்டம்தான். கேட்டுக்கறேன்." பட்டியலை மெல்ல நகர்த்தினார். "அப்ப இது? நூலகத்துல நாளைக்குக் கேட்பாங்க. அருணகிரி வேற பார்த்துக்கிட்டே இருக்கான்."

சாமி பட்டியலைக் கையில் எடுத்தார்.

"இந்தப் புத்தகமெல்லாம் எந்த வயசுக்குன்னு எழுதியிருக்கீங்க?"

"அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும்."

"உங்களுக்கு இப்ப வயசு என்ன?"

"ஆவணி வந்தா அறுபத்து நாலு."

சாமி பட்டியலை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அஞ்சுலேர்ந்து அறுபத்து நாலு வரைக்கும்னு திருத்திக்கிட்டு வாங்க. கையெழுத்துப் போடறேன்."